மூன்று பவுண்டுக்கு ஒரு மலை

ஷெஃபீல்டு என்றதும் பழைய தலைமுறைக்குக் கத்தியும் கத்தரிக்கோலும் நினைவுக்கு வரும். நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்களுக்கும் இந்த ஊரோடு உறவு உண்டு: 1913-ல் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருக்கி எடுத்தது இங்கேதான். அந்த உலைகளில் பெரும்பாலானவை அணைந்துவிட்டன. இன்று ஊரை நடத்துவது இரண்டு பல்கலைக்கழகங்கள். ஷெஃபீல்டு பல்கலைக்கழகம், ஷெஃபீல்டு ஹாலம் பல்கலைக்கழகம் இரண்டிலும் படிக்க ஒவ்வொரு செப்டம்பரிலும் உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் பெட்டியோடு வந்து இறங்குகிறார்கள். சென்னை, கோவை, திருச்சியிலிருந்து வருபவர்களும் அதில் உண்டு.

முதுகலைப் படிப்பு ஒரே வருடம். வந்த வேகத்தில் குளிர்காலம் பிடித்துக்கொள்ளும். வாடகை, கல்விக் கடன், வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்ற விசா கட்டுப்பாடு, ஒவ்வொரு செலவையும் நூற்றுப்பத்துக்கு மேல் பெருக்கி ரூபாயாக்கிப் பார்க்கும் மனம். இவை போக மிஞ்சும் பணத்தில் பலரும் லண்டனுக்கு ஒரு முறை, எடின்பரோவுக்கு ஒரு முறை போய்ப் படம் எடுத்துக்கொள்வதோடு சரி. மீதி நாட்கள் நூலகத்திலும் பகுதிநேர வேலையிலும் கழிந்துவிடும்.

இத்தனைக்கும் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா இந்த ஊரின் கொல்லைப்புறத்தில் இருக்கிறது. கொல்லைப்புறம் என்பதுகூடச் சரியில்லை. 1951-ல் அறிவிக்கப்பட்ட பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவின் எல்லை நகராட்சிக்குள்ளேயே நுழைகிறது. ஷெஃபீல்டு நகரப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு பூங்காவுக்குள்தான் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் படிப்பவருக்குக் கல்லூரிக் கட்டடங்கள் ஓவியம்போல இருக்கும். ஆனால், ஒரு மலை ஏற வேண்டுமென்றால் பாதி நாட்டைத் தாண்டியாக வேண்டும். ஷெஃபீல்டு மாணவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் போதும்.

முதலில் காசுக் கணக்கு

இங்கிலாந்தில் ரயில் கட்டணம் கொள்ளை என்பது ஊரறிந்த புகார், நியாயமான புகாரும்கூட. பஸ் அப்படியல்ல. 2023 ஜனவரியில் அரசாங்கம் ஒரு வழிக் கட்டணம் 2 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று உச்சவரம்பு வைத்தது. 2025-ல் அது 3 பவுண்டு ஆனது; 2027 மார்ச் வரை நீட்டித்திருக்கிறார்கள். திட்டத்தில் சேர்ந்த பஸ்களில் பத்து நிமிடப் பயணத்துக்கும் ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கும் அதே உச்சவரம்புதான். இதன் அனுகூலம் முழுவதும் தொலைவில் இறங்குபவருக்கே. ஷெஃபீல்டிலிருந்து காசில்டன் போகும் 272, சாட்ஸ்வொர்த் வழியாக பேக்வெல் போகும் 218 ஆகிய இரண்டும் மாணவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய எண்கள். போக 3, வர 3, ஆக 6 பவுண்டில் ஒரு முழு நாள்.

ரயிலுக்கு 16–25 ரெயில்கார்டு. வருடத்துக்கு 35 பவுண்டு. டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 25 வயதைத் தாண்டிவிட்டோமே என்று கைவிட வேண்டாம். முழுநேர மாணவர் என்று பல்கலைக்கழகம் சான்றளித்தால் எந்த வயதிலும் வாங்கலாம். ஒரு கொக்கி உண்டு. வார நாட்களில் காலை 10 மணிக்கு முன் இந்தக் கார்டைக் காட்டிப் போனால் குறைந்தபட்சக் கட்டணம் 12 பவுண்டு. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மட்டும் இந்த விதி கிடையாது. பக்கத்து ஊருக்கு 12 பவுண்டு கொடுப்பது அர்த்தமற்றது. பத்து மணிக்கு மேல் கிளம்புங்கள், அல்லது சனி, ஞாயிறு போங்கள். கார்டே இல்லாத மூன்று பேர் சேர்ந்தால் குரூப்சேவ் என்ற சலுகை இருக்கிறது. மூன்று முதல் ஒன்பது பேர் வரை ஒன்றாகப் போனால் கூட்ட நேரம் அல்லாத ரயில்களில் அதே மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. வீட்டுத் தோழர்கள் நான்கு பேர் கிளம்பும் ஞாயிற்றுக்கிழமைக்கு இது கனகச்சிதம்.

சாப்பாட்டுக்குத் தனியாக ஆலோசனை தேவையில்லை. முதல் நாள் இரவே புளிசாதம் கிளறி டப்பாவில் அடைக்கத் தெரிந்தவர்களுக்கு, மலைமேல் சாண்ட்விச்சோடு உட்கார்ந்திருக்கும் உள்ளூர்க்காரர்களைப் பார்த்தால் கொஞ்சம் பரிதாபம்கூட வரலாம்.

தண்ணீர்த் தொட்டிக்கு நம்பர் போட்டவர்கள்

272 நகரத்தின் மேற்குப் பக்கமாக ஏறுகிறது. கடைத்தெரு, மாணவர் விடுதிகள், தோட்டம் வைத்த பணக்கார வீடுகள் என்று போய்க்கொண்டிருக்கும்போதே வீடுகள் சட்டென்று நின்றுவிடும். பிறகு மரமில்லாத மேட்டுநிலம். இதை மூர் என்கிறார்கள். ஆகஸ்டில் ஹெதர் என்ற புதர்ச்செடி பூத்து மலை முழுக்க ஊதாவாகும். மற்ற மாதங்களில் பழுப்பு. ஃபாக்ஸ் ஹவுஸ் நிறுத்தத்தைத் தாண்டிச் சிறிது தூரத்தில் சாலை ஒரு பாறை இடுக்கில் வளைகிறது. வளைந்ததும் ஹோப் பள்ளத்தாக்கு மொத்தமும் காலடியில் விரியும். அந்த இடத்துக்கு சர்ப்ரைஸ் வியூ என்றே பெயர்.

முதன்முறை போகிறவருக்கு நான் சொல்வது இந்தச் சுற்றுவட்டாரத்தைத்தான். ஃபாக்ஸ் ஹவுஸில் இறங்கி லாங்ஷா மேய்ச்சல் நிலங்கள் வழியாக பேட்லி பள்ளத்தாக்குக்குள் நடக்கலாம். குறுகிய ஓடை, பாசி படர்ந்த பாறைகள், முறுக்கிக்கொண்டு நிற்கும் ஓக் மரங்கள். கீழே கிரிண்டில்ஃபோர்ட் ரயில் நிலையம். நிலையத்தின் பழைய கட்டடம் இப்போது சிற்றுண்டிக் கடை. ஐந்தரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளமான டாட்லி சுரங்கப்பாதை நிலையத்தை ஒட்டியே வாய் திறந்திருக்கிறது. அதற்குள் புகுந்தால் கால் மணி நேரத்தில் ஷெஃபீல்டு. மொத்த நடையும் இரண்டு மணி நேரம். பெரும்பகுதி இறக்கம் என்பதால் மூட்டும் புகார் சொல்லாது.

வழியில் புல்லுக்குள் வட்ட வட்டமாகக் கற்கள் கிடக்கும். மாவரைக்கச் செதுக்கிய எந்திரக் கற்கள். இந்தப் பாறையில் அரைத்தால் மாவு சாம்பல் நிறமாகும். இங்கிலாந்து வெள்ளை ரொட்டிக்கு ஆசைப்பட்டு பிரெஞ்சுக் கல்லுக்கு மாறியதும், செதுக்கியதைச் செதுக்கிய இடத்திலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தேசியப் பூங்காவின் சின்னமே அந்தக் கல்தான்.

இன்னும் கொஞ்சம் தெம்புள்ளவர்கள் ஹாதர்சேஜ் ஊரில் இறங்கி ஸ்டானேஜ் எட்ஜுக்கு ஏற வேண்டும். ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் நீளத்துக்குக் கத்தியால் வெட்டியதுபோல நிற்கும் பாறைச் சுவர். 2005-ல் வந்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ படத்தில் கீரா நைட்லி காற்றில் ஆடை பறக்க நிற்பாரே, அந்தப் பாறை. படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல் விளிம்போடு நடந்துபோனால் ஒரு விசித்திரம் கண்ணில் படும். பாறைமேல் சிறு சிறு கிண்ணங்கள் செதுக்கி, பக்கத்தில் எண் பொறித்திருக்கிறார்கள். மழைநீர் தேங்கும் குழிகள். மனிதர்களுக்கல்ல, க்ரௌஸ் என்ற காட்டுப்பறவைக்கு. ஆகஸ்டு 12-ல் வேட்டைப் பருவம் தொடங்கும்போது சீமான்கள் சுட்டு விளையாடப் பறவைகள் வேண்டும். அவை தாகத்தில் வேறிடம் போய்விடக் கூடாதே என்று வேட்டைக்காவலர்கள் பராமரித்த தண்ணீர்த் தொட்டிகள் இவை.

பறவைக்குக் கிண்ணம் செதுக்கிய அதே மலையில் அன்று மனிதன் கால் வைக்க முடியாது. மூர் நிலங்கள் பிரபுக்களின் சொத்து. ஆறு நாள் உலைக்கூடத்தின் புகையைச் சுவாசித்த தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமை நல்ல காற்று வேண்டும். கண்ணுக்கு எதிரே மலை தெரிகிறது. மேலே தடியோடு காவலர் நிற்கிறார். இன்றைய மாணவரின் மூன்று பவுண்டுப் பயணம் அந்த முட்டலில் பிறந்தது. காட்சியைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விடும் சுற்றுலாக் கையேடுகள் எனக்கு அரைகுறையாகவே படுகின்றன.

அத்துமீறியவர்களின் மலை

ஷெஃபீல்டு இன்ஜினீயரிங் தொழிலாளியும் தொழிற்சங்கக்காரருமான ஜி.எச்.பி. வார்டு 1900-ல் கிளாரியன் ராம்ப்ளர்ஸ் என்ற நடைக்குழுவைத் தொடங்கினார். தொழிலாளர்கள் ரயிலேறி மலைக்குப் போய், நடந்து, மாலையில் திரும்புவார்கள். டே ட்ரிப் என்று இன்று சொல்கிறோமே, அதை இந்த ஊரில் பழக்கமாக்கியவர்கள் அவர்கள். பழைய பாதைகளின் உரிமைக்காக வார்டு ஆவணங்களைத் தோண்டி எடுத்து வாதாடினார். 1920-களின் கடைசியில் லாங்ஷா நிலம் விற்பனைக்கு வந்தபோது, முதல் உலகப் போரில் கணவரை இழந்த எதெல் என்ற ஷெஃபீல்டு பெண் நிதி திரட்டி அதைக் காப்பாற்றினார். பின்னாளில் எதெல் ஹேத்தோர்ன்த்வெயிட் என்று அறியப்பட்டவர் அவர். 1931-ல் அந்த நிலம் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பின் கைக்குப் போனது. நீங்கள் இன்று இலவசமாக நடக்கும் லாங்ஷா அதுதான்.

ஆனால், மனு கொடுத்துக் காத்திருப்பதில் எல்லோருக்கும் பொறுமை இல்லை. 1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. மான்செஸ்டர் பக்கத்து ஹேஃபீல்டு கிராமத்திலிருந்து சுமார் 400 பேர் கிண்டர் ஸ்கவுட் மலையை நோக்கி வெளிப்படையாகவே அத்துமீறி நடந்தார்கள். முன்னால் நின்றவர் பென்னி ராத்மன். வயது 20. காவலர்களோடு கைகலப்பு நடந்தது. மலையின் மறுபக்கம் எடேல் வழியாக ஏறி வந்த ஷெஃபீல்டு குழு மேலே இவர்களைச் சந்தித்தது. இறங்கி வந்தபோது போலீஸ் காத்திருந்தது. டார்பி நீதிமன்றத்தில் ஐந்து பேருக்குச் சிறை. இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை. அத்துமீறலையே கண்டித்திருந்த மிதவாத நடைக்குழுக்களைக்கூட இந்தத் தண்டனை கொதிக்க வைத்தது. அந்தக் கோடையில் காசில்டன் அருகே வின்னட்ஸ் கணவாயில் கூடிய உரிமைக் கூட்டத்துக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள்.

1949-ல் தேசியப் பூங்காச் சட்டம், 2000-ல் திறந்த மேட்டுநிலங்களில் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம் என்ற சட்டம். அவை வந்துசேர அத்தனை காலமானது. 2002-ல் எழுபதாம் ஆண்டு நினைவுக் கூட்டத்துக்கு நேரில் வந்த 11-வது டெவன்ஷயர் பிரபு, அன்று கிண்டர் நிலத்துக்குச் சொந்தக்காரராக இருந்த தன் தாத்தா செய்தது தவறு என்று மன்னிப்புக் கேட்டார். இன்றும் இங்கிலாந்தில் அந்த உரிமை பொருந்தும் நிலம் நூற்றுக்கு எட்டுப் பங்குதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எடேலுக்கு ஷெஃபீல்டிலிருந்து ரயிலில் அரை மணி நேரம், கொஞ்சம் கூடக்குறைய. ஸ்காட்லாந்து எல்லை தாண்டிப் போகும் 431 கிலோமீட்டர் பென்னைன் வே நெடும்பாதையின் தொடக்கமும் இந்தச் சிறு கிராமம்தான். இங்கிருந்து வடக்கே ஏறினால் கிண்டர். 636 மீட்டர், பீக் பகுதியின் உச்சம். நம் கொடைக்கானலின் உயரத்தை வைத்துச் சிரிக்க வேண்டாம். மேலே கரிய சேறும் மூடுபனியும் சேர்ந்தால் திசை தெரியாது. அனுபவமுள்ளவர் கூட இல்லாமல் முதல் பயணத்திலேயே கிண்டருக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தெற்கே ஏறுங்கள். ஹாலின்ஸ் கிராஸ், அங்கிருந்து மாம் டோர், 517 மீட்டர். திரும்பி முகட்டோடு லோஸ் ஹில் வரை நடந்து ஹோப் நிலையத்துக்கு இறங்கலாம். இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு தெரிய ஒரு முதுகெலும்பின்மேல் நடப்பதுபோல இருக்கும். நிதானமாக நடந்தால் நாலரை மணி நேரம். டிக்கெட்டை எடேலுக்கு ரிட்டர்னாக எடுத்தால் போதும், ஹோப் அதே பாதையில் இடையில் வரும் நிலையம். லோஸ் ஹில் உச்சி 1945-ல் நடைக்குழுக்காரர்கள் வாங்கி வார்டுக்குப் பரிசளித்த நிலம். அவர் அதை நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்துவிட்டார்.

மாம் டோரிலிருந்து காசில்டன் பக்கம் இறங்குபவர்களுக்கு ஒரு இலவச வேடிக்கை. மலை சரிந்துகொண்டே இருப்பதால் பல முறை செப்பனிட்டும் தாங்காமல் 1979-ல் கைவிடப்பட்ட நெடுஞ்சாலை அங்கே அடுக்கடுக்காகப் பிளந்து கிடக்கிறது. நடுக்கோட்டின் வெள்ளைப் பூச்சுகூட இடையிடையே தெரியும். காசில்டனின் குகைகள் நன்றாகத்தான் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் கட்டணம். ப்ளூ ஜான் என்ற ஊதாக் கல் வெட்டிய குகை ஒன்றை மட்டும் பார்த்தால் போதும். கையில் காசு குறைவென்றால் அதையும் விட்டுவிட்டு வின்னட்ஸ் கணவாயில் நடக்கலாம்.

ஈம்: கதவைச் சாத்திக்கொண்ட கிராமம்

கோவிட் ஊரடங்கைப் பள்ளியிலோ கல்லூரியிலோ கழித்த தலைமுறைக்கு ஈம் கிராமம் புரிய அதிக நேரம் ஆகாது. 1665 செப்டம்பரில் லண்டனிலிருந்து ஒரு தையற்காரருக்குத் துணி மூட்டை வந்தது. ஈரமாக இருந்ததால் நெருப்பருகே உலர்த்தினார்கள். துணியில் பிளேக் தெள்ளுப்பூச்சிகள் இருந்தன என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. தையற்காரரின் உதவியாளர் ஜார்ஜ் விக்கர்ஸ் சில நாட்களில் இறந்தார். அடுத்த கோடையில் சாவு பெருகியபோது, பாதிரியார் வில்லியம் மாம்பெசனும் முன்னாள் பாதிரியார் தாமஸ் ஸ்டான்லியும் ஊரைக் கூட்டினார்கள். இருவருக்கும் மதக் கொள்கையில் ஒத்துவராது, இதில் ஒத்துப்போனார்கள். யாரும் ஊரை விட்டு வெளியே போவதில்லை, நோயைப் பக்கத்து ஊர்களுக்குக் கொண்டுபோவதில்லை என்பது முடிவு.

1666 நவம்பரில் நோய் அடங்கியபோது சுமார் 260 பேர் இறந்திருந்தார்கள். மாம்பெசனின் மனைவி கேத்தரினும் அவர்களில் ஒருவர். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே குழிவெட்டிப் புதைத்தார். ஊருக்கு வெளியே வயல்வெளியில், வட்டமான கல்சுவருக்குள் அந்தக் கல்லறைகள் இருக்கின்றன. சாலையிலிருந்து கொஞ்சம் நடக்க வேண்டும். பெரும்பாலான சுற்றுலாப் பயணிகள் நடப்பதில்லை.

ஸ்டோனி மிடில்டன் போகும் பாதையில் எல்லைக்கல் ஒன்று கிடக்கிறது, மேலே சிறு குழிகளோடு. ஊரார் குழிகளில் வினிகரை ஊற்றிக் காசைப் போட்டுவைப்பார்கள். வெளியூரார் உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துப் போவார்கள். கிருமி என்பது யாருக்கும் தெரியாத காலம் அது. இன்று அந்தக் குழிகளில் வருகிறவர்கள் சில்லறை போட்டுவிட்டுப் போகிறார்கள். மியூசியத்துக்குச் சிறு கட்டணம் உண்டு. கல்லறைகளுக்கும் எல்லைக்கல்லுக்கும் வீட்டுச் சுவர்களில் பதித்த பெயர்ப் பலகைகளைப் படிப்பதற்கும் காசில்லை. இந்த ஊருக்குப் போகும் பஸ்கள் குறைவு. திரும்பும் பஸ்ஸைப் பார்த்து வைத்துக்கொண்டு போவது நல்லது.

மாளிகையும் மற்ற ஊர்களும்

சாட்ஸ்வொர்த் டெவன்ஷயர் பிரபுக்களின் மாளிகை. உள்ளே போக ஏறத்தாழ ஒரு வார மளிகைப் பணம் ஆகும். பூங்காவில் நடக்கக் கட்டணமில்லை. ஆற்றங்கரையில் செம்மறி ஆடுகளுக்கு நடுவே நின்றால் மாளிகையின் முகப்பு முழுதாகத் தெரிகிறது, மாணவருக்கு அது போதும். பக்கத்து எடென்சர் தேவாலய மயானத்தில் ஜான் கென்னடியின் தங்கை கேத்தலீனின் கல்லறை இருக்கிறது. கொல்லப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன் 1963 ஜூனில் கென்னடி இங்கே வந்துபோனார். அப்படியே நடந்து பேக்வெல் போய் அந்த ஊர்ப் புட்டிங் ஒரு துண்டு சாப்பிட்டால் நாள் நிறைவு. லேடிபவர் நீர்த்தேக்கத்தில் மூழ்கிய இரண்டு கிராமங்களைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். கடும் வறட்சி ஆண்டைத் தவிர மற்ற நாட்களில் அங்கே பார்க்க இருப்பது தண்ணீர்.

மலை வேண்டாம் என்பவர்களுக்கு யார்க் இருக்கிறது, ரயிலில் ஒரு மணி நேரம். நேஷனல் ரயில்வே மியூசியம் இலவசம். 1938-ல் மணிக்கு 203 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி நீராவி எஞ்சின்களின் உலக சாதனையை இன்றும் வைத்திருக்கும் மல்லார்ட் அங்கே நிற்கிறது. கோட்டைச் சுவர்மேல் ஊரைச் சுற்றி மூன்றரைக் கிலோமீட்டர் நடக்கலாம், அதுவும் இலவசம். யார்க் மின்ஸ்டர் பேராலயத்துக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. ஆனால், மாலைப் பாடல் வழிபாட்டுக்கு வருபவரிடம் காசு கேட்பதில்லை. சுற்றிப் பார்க்க முடியாது, உட்கார்ந்து கேட்கலாம். அந்தக் கூரையின் கீழ் அந்தப் பாட்டைக் கேட்பதுதான் சரியான வழி என்பது என் எண்ணம். மான்செஸ்டரில் ஒரு துணி வியாபாரியின் விதவை கட்டி 1900-ல் திறந்த ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்துக்கும் அனுமதி இலவசம். அந்த ஊருக்கு ரயிலைவிட நேஷனல் எக்ஸ்பிரஸ், ஃப்ளிக்ஸ்பஸ் கோச்சுகள் பல நாட்களில் மலிவு.

கிளம்பும் முன்

டிசம்பரில் நாலு மணிக்குள் இருட்டிவிடும். ஜீன்ஸ் நனைந்தால் உலராது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். மழைக்கோட்டும் பிடிமானமுள்ள காலணியும் சாரிட்டி ஷாப்களில் கிடைக்கும். எடேல் பக்கம் போன் சிக்னலை நம்பக் கூடாது, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மலையில் காயம் பட்டால் 999 அழைத்து, முதலில் போலீஸ், பிறகு மவுன்டன் ரெஸ்க்யூ என்று கேட்க வேண்டும். வருபவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். உங்களிடமும் எதுவும் வாங்க மாட்டார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்வது ஊர் வழக்கம். பதிலுக்கு உங்களை ‘லவ்’ என்று கூப்பிட்டால் திகைக்க வேண்டாம், யார்க்‌ஷயரில் அது எல்லோருக்கும் பொது.

பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் புதன்கிழமை மதியத்தை விளையாட்டுக்காக வகுப்பில்லாமல் விட்டுவைக்கும் மரபு உண்டு. எல்லாத் துறைகளும் அதை மதிப்பதில்லை. மதிக்கும் துறையில் இருப்பவர்களுக்கு அதுதான் ஆக மலிவான, ஆகக் கூட்டமில்லாத நேரம். பத்து மணித் தடை முடிந்திருக்கும், வாரக்கடைசி நெரிசல் இருக்காது. ஏப்ரலுக்குப் பிறகு என்றால் எட்டு மணி வரை வெளிச்சம். ஒரு மணிக்கு வகுப்பை விட்டால் இரண்டு மணிக்கு ஃபாக்ஸ் ஹவுஸ், நாலரைக்குக் கிரிண்டில்ஃபோர்டில் ரயில், ஆறு மணி ஷிஃப்டுக்கு ஐந்தரைக்கே ஊரில் இருக்கலாம்.